வீமனுக்கு லேசர் பிடிக்கலாமோ? மூப்படைந்த நாய்களின் மூட்டு நோவும் அதற்கான சிகிச்சையும்

போன வருட மாரியில்தான் முதலில் கவனித்தேன். படலையில் ஆள் அரவம் கேட்டால் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் நிற்கும் வீமன், அன்று விறாந்தையில் படுத்தபடியே தலையை மட்டும் நிமிர்த்திக் குரைத்தான். எழும்ப முயன்றபோது பின்னங்கால்கள் மாபிளில் வழுக்கின. இரண்டாம் முறை எழும்பி, நாலடி கெந்தி நடந்து, பிறகுதான் நேராக நடந்தான்.

"அவனுக்கும் என்னை மாதிரி வயசு போட்டுது தம்பி. விடு," என்றார் அம்மா.

வீமன் 2012 மாரிகாலத்தில் எங்கள் வேலிக்கரையில் நனைந்தபடி கிடந்த குட்டி. இப்போது 13 வயது. அதற்கு முன் எங்கள் வீட்டில் பல வருடங்களாக நாய் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது, எங்கள் நாயின் சங்கிலியைக் கழற்றி, முற்றத்தில் ஒரு பானை சோறும் ஒரு வாளி தண்ணீரும் வைத்துவிட்டுத் தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வாளி இருந்தது. நாய் இல்லை. அதன் பிறகு நாய் வளர்க்கவே மாட்டேன் என்றிருந்த அம்மாதான், 2012இல் அந்தக் குட்டியைத் துவாயில் சுற்றி உள்ளே கொண்டுவந்தவர்.

அதே அம்மாதான் இந்த வருடத் தொடக்கத்தில், வீமன் நோவில் முனகுவதைத் தாங்கமாட்டாமல், தன் முழங்கால் நோவுக்குப் போடும் டைக்ளோபெனாக் குளிசையில் பாதியைச் சோற்றில் குழைத்து மூன்று நாட்கள் கொடுத்திருக்கிறார். நாலாம் நாள் வீமன் சத்தி எடுத்தான். மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. கால்நடை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடி, சேலைன் ஏற்றி, ஊசிகள் போட்டு, ஒரு கிழமை கழித்துத்தான் பிழைத்தான்.

அந்தக் கிழமைதான் ரொறன்ரோவில் இருக்கும் அக்கா ஒரு காணொளி அனுப்பினார். அவரது பதினொரு வயது நாய் மெத்தையில் படுத்திருக்க, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதன் இடுப்பில் பேனை போன்ற ஒன்றை மெதுவாக நகர்த்துகிறார். "லேசர். மூன்று கிழமையில படி ஏறத் தொடங்கிட்டான். வீமனுக்கும் ஒரு சின்ன மெஷின் அனுப்புறன்," என்றார். மெஷின் வந்தது. அதைப் பிடிப்பதா விடுவதா என்று தேடத் தொடங்கியபோது நான் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊர்களில் வயதுபோன நாய்கள் நிறைய இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தாயோ தகப்பனோ ஒரு நாயுடன் தனியே என்ற நிலைமையும் நிறைய இருக்கிறது.

மூட்டுக்குள் நடப்பது என்ன?

இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் அவற்றின் நுனிகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். சுற்றிவர ஒரு பை. அதற்குள் எண்ணெய் போன்ற ஒரு திரவம். குருத்தெலும்பு தேயும்போது பை அழற்சியடைகிறது, திரவம் தன் தன்மையை இழக்கிறது, எலும்பின் ஓரங்களில் முள்ளுப் போல் புது எலும்பு வளர்கிறது. அந்தக் காலை நாய் குறைவாகப் பாவிக்கும்போது தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டுக்குத் தாங்கல் குறைகிறது, நோ கூடுகிறது. இது ஒரு சுற்று.

மனிதரில் இது பெரும்பாலும் வயதோடு வருவது. நாய்களில் அப்படியல்ல. இடுப்பு மூட்டு பிறப்பிலேயே சரியாகப் பொருந்தாமை, முழங்கால் நாண் அறுதல், சரியாகப் பொருந்தாமல் ஒட்டிய பழைய முறிவு போன்ற ஒரு முதற்காரணம் அநேகமாக இருக்கும். வீமனின் எக்ஸ்ரே படத்தில் வலது இடுப்பு மூட்டுத்தான் மோசமாக இருந்தது. 2016இல் ஒரு மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டுப் போனது அந்தப் பக்கம்தான். அப்போது மூன்று கிழமை நொண்டி, பிறகு ஓடத் தொடங்கியதால் "மாறிட்டுது" என்று விட்டுவிட்டோம்.

ஆகவே "வயசு போட்டுது" என்பது முழு உண்மையல்ல. வயதை மாற்ற முடியாது. நோவைக் குறைக்கலாம்.

நாய் நோவைச் சொல்லாது

நாய்கள் நாட்பட்ட நோவுக்கு அழுவது குறைவு. வீமன் முனகத் தொடங்கியபோது நோய் முற்றிவிட்டிருந்தது. அதற்கு முன்பே தெரிந்திருக்கவேண்டிய அறிகுறிகள் இவை:

- படுத்து எழும்பும்போது கால்கள் விறைத்திருந்து, சிறிது நடந்த பின் இளகுவது. காலையிலும் மழைக்குளிரிலும் இது கூடும்.
- படி ஏறத் தயங்குவது, முன்பு பாய்ந்த கட்டில் பாயாமல் நிற்பது.
- இருக்கும்போது ஒரு காலை வெளியே தள்ளி இருப்பது.
- ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது.
- பின்தொடைகள் மெலிந்து, முன்பக்கம் மட்டும் திரண்டு தெரிவது.
- நாரியைத் தொட்டால் உறுமுவது. நல்ல குணமான நாய் திடீரென்று பிள்ளைகளைக் கடிக்கப் பார்ப்பதற்கும் நோ ஒரு காரணம்.
- படுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே சலம் போவது.

இவற்றில் இரண்டு மூன்று இருந்தாலே வைத்தியரிடம் காட்டவேண்டும். கைத்தொலைபேசியில் ஒரு நிமிடக் காணொளி எடுத்துக்கொண்டு போவது நல்லது. வைத்தியர் முன்னால் பயத்தில் நாய் நேராக நடந்துவிடும். வீட்டில் அது எழும்பும் விதம் காணொளியில்தான் தெரியும்.

கெந்துவதெல்லாம் மூட்டுவாதம் அல்ல

எங்கள் வைத்தியர் லேசரைப் பற்றிய என் கேள்வியைக் கேட்க முன்பே வீமனின் காதுக்குள்ளும் விரல்களுக்கு இடையிலும் உண்ணி தேடினார். பிறகு இரத்தம் எடுத்தார். இலங்கை நாய்களில் உண்ணிக் காய்ச்சல் மிகச் சாதாரணம். உண்ணி பரப்பும் கிருமிகளில் சில மூட்டு வீக்கத்தையும் நொண்டலையும் தரும். முரசு வெளிறுவது, சாப்பாட்டை வெறுப்பது, உடம்பு சுடுவது ஆகியவற்றோடு நாய் நொண்டினால் முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும். அதற்கு மருந்து உண்டு. அந்த நாய்க்கு இடுப்பில் லேசர் பிடித்துக்கொண்டிருந்தால் நாட்கள்தான் வீணாகும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தடுப்பூசி போடாத நாயின் பின்னங்கால்கள் திடீரென்று இழுபட்டு, வாயில் நீர் வடிந்து, குரலும் மாறினால் அது விசர்நாய் நோயாக இருக்கலாம். வாயைத் திறந்து பார்க்கவோ தடவவோ போகாமல், பிள்ளைகளை விலக்கி, உடனே அறிவிக்கவேண்டும். கடியோ கீறலோ பட்டிருந்தால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

சலம் மலம் கட்டுப்பாடு இழந்து இரண்டு பின்னங்கால்களும் ஒரேயடியாக விழுவது முள்ளந்தண்டுப் பிரச்சினையாக இருக்கலாம். அதுவும் அவசரம்.

எங்கள் குளிசை அதற்கு நஞ்சு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். டைக்ளோபெனாக், இபுபுரூபன் இரண்டும் நாய்க்குக் கொடுக்கக்கூடாது. அவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீமனின் கறுப்பு மலம் அந்த இரத்தம்தான். பனடோல் அளவு கூடினால் நாயின் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரு குளிசையே உயிரைக் குடிக்கப் போதும்.

நாய்களுக்கென்று பாவிக்கும் நோ மருந்துகள் உண்டு. கார்ப்ரோபன், மெலொக்சிகம் இரண்டும் நீண்ட காலமாகப் பாவனையில் உள்ளவை. மெலொக்சிகம் மனிதருக்கும் கொடுக்கப்படுவதால் "அதே மருந்துதானே" என்று நினைக்கவேண்டாம். நாய்க்குத் தொடர்ந்து கொடுக்கும் வழக்கமான அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் 0.1 மில்லிகிராம். 24 கிலோ இருந்த வீமனுக்கு அது 2.4 மில்லிகிராம். மனிதருக்கான 15 மில்லிகிராம் குளிசை ஒன்றை அப்படியே கொடுத்தால் ஆறு மடங்கு போய்விடும். அளவையும் நாட்களையும் வைத்தியர்தான் தீர்மானிக்கவேண்டும். வயதுபோன நாய்க்கு ஈரல், சிறுநீரகம் பார்க்கும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஸ்டீரொயிட் போட்டுக்கொண்டிருக்கும் நாய்க்கு இவற்றைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது.

முழங்காலுக்குப் பூசும் கற்பூரத் தைலமும் வேண்டாம். நாய் நக்கும். கற்பூரமும் நோத் தைலங்களில் கலக்கும் விண்டர்கிறீன் எண்ணெயும் வயிற்றுக்குள் போனால் நஞ்சு.

லேசர் என்ன செய்கிறது?

லேசர் கதிர் முதன்முதலில் 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவரால் உருவாக்கப்பட்டது. 1967இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற வைத்தியர், லேசர் ஒளி புற்றுநோயை உண்டாக்குமா என்று பார்க்க எலிகளின் முதுகை மழித்து மெல்லிய சிவப்பு லேசரைப் பிடித்தார். புற்றுநோய் வரவில்லை. ஆனால் லேசர் பட்ட எலிகளில் மயிர் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தது. வெட்டவும் சுடவும் இல்லாத மெல்லிய லேசரை மருந்தாகப் பாவிக்கும் எண்ணம் அங்கேதான் தொடங்கியது.

இதற்குப் பாவிப்பது சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அதன் அடுத்த அகச்சிவப்பு ஒளியும். உயிர்க்கலங்களுக்குள் மைற்றோகொண்ட்ரியா என்று சக்தி தயாரிக்கும் சிறு உறுப்புகள் உள்ளன. அங்குள்ள ஒரு நொதியம் இந்த ஒளியை உறிஞ்சுவதாகவும், அதனால் கலம் கூடுதல் சக்தியைத் தயாரிப்பதாகவும், அந்த இடத்து இரத்தவோட்டம் கூடி அழற்சி தணிவதாகவும் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் திரும்ப வளர்ந்துவிடாது. எக்ஸ்ரே படம் மாறாது. எதிர்பார்க்கக்கூடியது நோவும் விறைப்பும் குறைவதை மட்டும்தான்.

அறுவைச் சிகிச்சை லேசர் வேறு, இது வேறு. நாய்க்கு மயக்க மருந்து தேவையில்லை. மெல்லிய சூடு தெரியும். பல நாய்கள் படுத்து நித்திரையாகிவிடும் என்று அக்கா சொல்கிறார். வழக்கமாக முதல் மூன்று நாலு கிழமைகள், கிழமைக்கு இரண்டு மூன்று தடவை பிடிப்பார்கள். பலன் தெரிந்தால் பிறகு இரண்டு தொடக்கம் நாலு கிழமைக்கு ஒரு தடவை, தொடர்ந்து. நிற்பாட்டினால் நோ திரும்பும்.

பலன் உண்டா?

உண்டு என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. அவை சிறியவை. 2018இல் கனேடிய மிருக வைத்திய சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வில், முன்னங்கால் முழங்கை மூட்டுவாதம் உள்ள 20 நாய்களைப் பிரித்து, ஒரு பகுதிக்கு உண்மையான லேசரும் மற்றப் பகுதிக்கு வெறும் பாவனையும் ஆறு கிழமைகள் செய்தார்கள். எது உண்மை எது பாவனை என்று நாய்க்காரருக்குத் தெரியாது. உண்மை லேசர் பெற்றவை குறைவாக நொண்டின. நோ மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது. 2022இல் போர்த்துக்கலில் இடுப்பு மூட்டுவாதம் உள்ள 20 பொலிஸ் நாய்களை எடுத்து, ஒரு பகுதிக்கு லேசரும் மற்றதற்கு மெலொக்சிகமும் கொடுத்து ஒப்பிட்டார்கள். அங்கேயும் லேசர் பெற்ற நாய்களின் நோ குறைந்தது பதிவாகியது.

மனிதரில், முழங்கால் தேய்வுக்கு லேசர் பிடித்த 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மீளாய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. போதிய அளவு ஒளி கொடுத்த ஆய்வுகளில் நோ குறைந்தது, குறைந்த அளவு கொடுத்தவற்றில் பலன் தெளிவாக இல்லை என்பது அதன் சாரம்.

இன்னொரு விடயமும் இங்கே உண்டு. மூட்டுவாதம் உள்ள நாய்க்கு வெறும் மாவுக் குளிசையைக் கொடுத்தாலும், "இப்ப நல்லா நடக்குது" என்று நாய்க்காரர்கள் கணிசமானோர் சொல்கிறார்கள். வைத்தியர்களும் அப்படி ஏமாறுகிறார்கள். காலின் அழுத்தத்தை அளக்கும் கருவியில் நாயை நடக்கவிட்டால் மாற்றம் இல்லை. காசு கொடுத்துச் செய்த சிகிச்சை பலிக்கவேண்டும் என்று மனம் விரும்புகிறது. அக்காவின் நாய் லேசரோடு எடையும் குறைத்தது, நோ மருந்தும் எடுத்தது. படி ஏறியது எதனால் என்று அக்காவாலும் சொல்ல முடியவில்லை.

இந்த ஏமாற்றத்துக்கு வீட்டில் செய்யக்கூடிய ஒரு வழி உண்டு. உங்கள் நாய் செய்யச் சிரமப்படும் மூன்று காரியங்களைக் கொப்பியில் எழுதுங்கள். நான் எழுதியவை: விறாந்தைப் படியில் ஏறுவது, முதல் முயற்சியிலேயே எழும்புவது, படலை வரை போவது. ஒவ்வொரு ஞாயிறும் காணொளி எடுத்து, அந்த மூன்றுக்கும் முன்போல, கொஞ்சம் நல்லம், நல்லம் என்று குறியுங்கள். எந்தச் சிகிச்சையை எப்போது தொடங்கினீர்கள் என்றும் எழுதுங்கள். ஒரே நாளில் நாலு சிகிச்சையைத் தொடங்கவேண்டாம்.

அக்கா அனுப்பிய மெஷினும் 44 மணித்தியாலமும்

லேசர் மருந்து போன்றது. அளவு உண்டு. அது ஜூல் என்ற அலகில் சொல்லப்படும். இடுப்பு போன்ற ஆழமான மூட்டுக்கு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 8 தொடக்கம் 10 ஜூல் வரை கொடுப்பது வழக்கம். இடுப்பைச் சுற்றி 10 சென்ரிமீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமும் எடுத்தால் 100 சதுர சென்ரிமீற்றர். ஆகக் குறைந்தது 800 ஜூல் வேண்டும்.

ஒரு வாற்று என்றால் செக்கனுக்கு ஒரு ஜூல். 5 வாற்று லேசர் 800 ஜூலைக் கொடுக்க 2 நிமிடம் 40 செக்கன் போதும். அரை வாற்று லேசருக்கு ஏறக்குறைய 27 நிமிடம். அக்கா அனுப்பிய மெஷினின் அடியில் "5 மில்லிவாற்று" என்று இருந்தது. கணக்குப் போட்டேன். 160,000 செக்கன். ஒரு தடவைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல்!

அதிலும் அது சிவப்பு ஒளி. மயிரும் தோலும் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். இடுப்பு மூட்டு வரை போக அகச்சிவப்பு நல்லது. வீமன் வேறு கறுப்பு நாய். கறுப்பு மயிர் ஒளியை உறிஞ்சும். சின்ன மெஷினில் அதனால் பலன் குறையும். பெரிய மெஷினில் அதே காரணத்தால் தோல் சுடும். அதனால்தான் சக்தி கூடிய லேசரைப் பழகினவர்கள் ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே பிடிக்கிறார்கள், தேவையென்றால் மயிரை வெட்டுகிறார்கள்.

அரை வாற்றுக்கு மேற்பட்டவை நாலாம் வகுப்பு லேசர்கள். கண்ணில் பட்டால் பார்வை போகும். மாபிளிலோ கண்ணாடியிலோ பட்டுத் தெறித்த கதிரும் ஆபத்து. பிடிப்பவர், நாயைப் பிடித்திருப்பவர், நாய் எல்லோருக்கும் கண் பாதுகாப்பு வேண்டும். இணையத்தில் வாங்கி வீட்டில் பழகும் பொருள் அல்ல அது.

ஆகவே வெளிநாட்டில் இருந்து மெஷின் அனுப்ப நினைப்பவர்கள் வாங்க முன் பார்க்கவேண்டியவை: எத்தனை வாற்று? அலைநீளம் என்ன? யார் பிடிக்கப்போகிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்தக் காசை எக்ஸ்ரேக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள்.

யாருக்குப் பிடிக்கக்கூடாது?

புற்றுக்கட்டி உள்ள இடம், இரத்தம் கசியும் இடம், கண், தைரொயிட் சுரப்பி இருக்கும் கழுத்துப்பகுதி, குட்டித்தாச்சி நாயின் வயிறு, வளரும் குட்டியின் எலும்பு நுனிகள் ஆகியவற்றில் லேசர் பிடிப்பதில்லை. வயதுபோன நாயின் கால் எலும்பிலும் புற்றுநோய் வரலாம். அதுவும் நொண்டலாகத்தான் தொடங்கும். எக்ஸ்ரே எடுக்காமல் லேசருக்குப் போகக்கூடாது என்பதற்கு அது ஒன்றே போதும்.

அம்மாவின் வலது தொடையில் 90ஆம் ஆண்டு ஷெல் சன்னம் ஒன்று இன்னும் இருக்கிறது. வைத்தியசாலையில் இயன்மருத்துவத்துக்குப் போனால் "உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ?" என்று கேட்பார்கள். காணொளியைப் பார்த்துவிட்டு, "எனக்கு உந்த லைட் பிடிக்கலாமோ?" என்று கேட்டார். எங்கள் சனங்களில் கன பேருக்கு இந்தக் கேள்வி வரும். மின்காந்த அலையால் ஆழச் சூடேற்றும் சிகிச்சை, உடம்பிலுள்ள உலோகத்தைச் சூடாக்கிச் சுற்றியுள்ள தசையைச் சுட்டுவிடும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கலாம். அதனால்தான் அந்தக் கேள்வி. லேசர் வெறும் ஒளி. உள்ளே ஆழத்தில் கிடக்கும் உலோகத்தை அது அப்படிச் சூடாக்காது. உலோகத் தகடு வைத்த நாய்களுக்கும் லேசர் பிடிக்கிறார்கள். என்றாலும் மனிதரோ நாயோ, உடம்பில் உலோகம் இருப்பதை எந்தச் சிகிச்சைக்கு முன்பும் சொல்லிவிடவேண்டும்.

இங்கே நின்று செய்யக்கூடியவை

யாழ்ப்பாணத்தில் நான் விசாரித்த இடங்களில் நாய்க்கு லேசர் பிடிப்பவர் எவரும் கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போய்வர 800 கிலோமீற்றர். மூட்டு நோவுள்ள நாயைக் கிழமைக்கு இரண்டு தடவை அந்தப் பாதையில் குலுக்கிக்கொண்டு போவது சிகிச்சை ஆகாது. "லேசர் கடைசியில் சேர்க்கிற ஒன்று. முதல் செய்யவேண்டியதை எல்லாம் நீங்கள் இங்கேயே செய்யலாம்," என்றார் வைத்தியர்.

*எடை.* மூட்டுவாத நாய்களில் உடல் எடை 6 சதவீதம் அளவு குறைந்தபோதே நொண்டல் குறையத் தொடங்கியதை ஓர் ஆய்வு காட்டியது. 24 கிலோ வீமனுக்கு அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுதும் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 2 வருடங்கள் கூட வாழ்ந்தன. மூட்டு நோய்க்கு மருந்து தேவைப்பட்ட வயதும் பிந்தியது.

பசி தெரிந்த எங்கள் வீடுகளில் இதுதான் மிகக் கடினம். 95இல் வைத்துவிட்டு வந்த அந்த ஒரு பானைச் சோற்றை அம்மா இன்னும் வீமனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். வீமனின் சோற்றைப் பாதியாக்கி, அவித்த பூசணியும் பயற்றங்காயும் முள்ளெடுத்த மீனும் கூட்டினோம். பாணும் பிஸ்கட்டும் நின்றன. வெங்காயம் கலந்த குழம்பு நாய்க்கு எப்போதும் கூடாது. விலா எலும்பைத் தடவினால் விரலுக்குத் தெரியவேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. அதுதான் அளவு.

*நிலம்.* வெளிநாட்டுக் காசில் நாங்கள் போட்ட மாபிள்தான் வீமனின் பெரிய எதிரி. படுக்கும் இடத்திலிருந்து முற்றம் வரை உரப்பைகளை நன்றாகக் கழுவி, மடித்துத் தைத்து, வழுக்காமல் ஓரங்களை ஒட்டினோம். படுக்கைக்கு இரண்டு சாக்குக்குள் பழைய துணி திணித்தோம். மாரியில் ஈர நிலத்தில் படுக்கவிடுவதில்லை. விறாந்தைப் படிக்குப் பக்கத்தில் மண்ணும் கல்லும் போட்டுச் சரிவு கட்டினோம். நகங்களை வெட்டினோம். நீண்ட நகம் வழுக்கும்.

*நடை.* கட்டிப் போட்ட நாயின் தசை மெலியும். ஒரேயடியாக ஓடவிட்டால் மூட்டு வீங்கும். வெயில் ஏற முன்பும் இறங்கிய பின்பும் பத்துப் பத்து நிமிடம் மெதுவாக நடத்துகிறோம். மறுநாள் நொண்டல் கூடினால் நேரத்தைக் குறைக்கவேண்டும்.

*கடல்.* நாயின் இடுப்பு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால் கால்கள் தாங்கும் எடை 38 சதவீதமாகக் குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். மேலைநாடுகளில் இதற்காகத் தண்ணீர்த் தொட்டிக்குள் நடை இயந்திரம் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் காரைநகர் கசூரினாவின் ஆழமில்லாத கடல் இருக்கிறது. காற்றில்லாத நாளில், சனமில்லாத காலையில், வீமனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இடுப்பளவு தண்ணீரில் ஐந்து நிமிடம் நடத்துகிறேன். கழுத்துப் பட்டியை விடுவதில்லை. கடல்நீர் குடிக்கவிடுவதில்லை. வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி ஈரம் துடைக்கவேண்டும்.

*ஒத்தடம்.* இளஞ்சூட்டு நீரில் பிழிந்த துவாயை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, பிறகு மூட்டில் 10 நிமிடம். திடீரென்று வீங்கிச் சுடும் மூட்டுக்குச் சூடு வேண்டாம்.

*மருந்து.* இரைப்பைப் புண் ஆறிய பின், வைத்தியர் மெலொக்சிகத்தைக் குறைந்த அளவில் தொடங்கினார். சாப்பாட்டுக்குப் பிறகுதான். சத்தி, கறுப்பு மலம், சாப்பிடாமை எது கண்டாலும் அன்றே நிற்பாட்டி அழைக்கச் சொல்லியிருக்கிறார்.

கொப்பி சொல்வது

ஆறு மாதமாகிறது. வீமன் இப்போது 21 கிலோ. மூன்று கேள்விகளில், முதல் முயற்சியில் எழும்புவதற்கு "நல்லம்" போட்டிருக்கிறேன். சரிவில் ஏறுவதற்கும் "நல்லம்". படலை வரை போவதற்குக் "கொஞ்சம் நல்லம்". பாதி வழியில் வேப்பமரத்தடியில் நின்று குரைக்கிறான். மழை நாட்களில் இன்னும் கெந்துகிறான். நாளைக்கு யாழ்ப்பாணத்தில் யாராவது முறையாக லேசர் பிடிக்கத் தொடங்கினால், நான் கொப்பியோடு கூட்டிக்கொண்டு போவேன். மருந்தின் அளவை இன்னும் குறைக்க முடிந்தால் அவனுடைய சிறுநீரகத்துக்கு நல்லது.

அக்காவின் மெஷின் அலுமாரிக்குள் இருக்கிறது. அம்மா தன் குளிசைகளை இப்போது மூடி போட்ட ரின்னில் உயரத்தில் வைக்கிறார். தன் முழங்காலுக்கு மூன்று வருடமாக வைத்தியசாலைக்குப் போகாமல் கடையில் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவர், போன மாதம் தானாகவே கேட்டார்: "தம்பி, என்ரை காலையும் ஒருக்கா எக்ஸ்ரே எடுத்துப் பாப்பமே?"